கடைமடைக்கும் அதே கடவுள்தான்: "கடவுள் எங்கும் இருக்கார்"ங்கறத புரிஞ்சிக்கவும் சொல்லிக்குடுக்கவும் முழு வழிகாட்டி

எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்குத் தெக்கால, ஆத்துத் தண்ணிக்குக் கடைசி ஊருன்னே சொல்லலாம், எங்களத் தாண்டினா உப்பளமும் இறால் குட்டையும் அப்புறம் கடலுந்தான். அங்க ஒரு சின்ன லுத்தரன் (புராட்டஸ்டன்ட்ல ஒரு சபை) கோயில்ல பல வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கறேன். ஒருநா "கடவுள் சர்வவியாபி, எல்லா எடத்துலயும் இருக்கார்"னு பாடம் நடத்திட்டு கேள்வி இருக்கான்னு கேட்டேன், மூணாங்கிளாஸ் பய ஒருத்தன் எந்திரிச்சு, "அண்ணே, அப்ப மேட்டூர்ல எவ்ளோ இருப்பாரு, நம்மூர்ல எவ்ளோ இருப்பாரு?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க, நானும்தான். வீட்டுக்குப் போற வழியில யோசிச்சா, அவன் கேட்டதுல தப்பே இல்ல. கடைமடையில பொறந்த புள்ளைக்கு எதுவுமே மேல இருந்து பங்கு பிரிஞ்சு, கழிஞ்சது போக மிச்சம்தான் வரும்னு தெரியும், அதையே கடவுளுக்கும் போட்டுப் பாத்திருக்கான். பெரியவங்களும் இப்படித்தான் நெனக்கிறோம், வாயத் தொறந்து கேக்கறதில்ல, அவ்ளோதான்.

அன்னைலேருந்து இந்தப் பாடத்த நான் நடத்தற முறையையே மாத்திட்டேன். அந்த முறையத்தான் இங்க எழுதறேன். சண்டே ஸ்கூல் எடுக்கறவங்க, வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தறவங்க, இல்ல சும்மா தனக்காவது புரியணும்னு நெனக்கறவங்க, யாரா இருந்தாலும் ஒரே நாள்ல முடிக்காதீங்க, நாலஞ்சு வாரத்துக்குப் பிரிச்சிக்கங்க.

படி 1: மண்டைக்குள்ள ஏற்கனவே இருக்கற படத்த வெளிய எடுங்க

வசனத்துக்கு நேராப் போயிடாதீங்க. முதல்ல ஒரு பேப்பர் குடுத்து "கடவுள் எங்க இருக்கார்னு வரைங்க"ன்னு சொல்லுங்க. பெரியவங்க வரைய மாட்டாங்க, அவங்கள வாயால சொல்ல வைங்க. நான் பாத்த வரைக்கும் மூணு படந்தான் திரும்பத் திரும்ப வருது.

ஒண்ணு, மேகத்துக்கு மேல தாடி வச்ச தாத்தா. இது சுலபம், புள்ளைங்களே கொஞ்ச நாள்ல விட்டுருவாங்க.

ரெண்டாவது, புகை மாதிரி, சாம்பிராணி மாதிரி எல்லா எடத்துலயும் பரவி இருக்கறவர். பாக்க சரியாத் தெரியும், ஆனா இதுலதான் சிக்கலே. பரவி இருக்குன்னா ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்சங் கொஞ்சந்தான் இருக்கும். என் வீட்டுல ஒரு துளி கடவுள், உங்க வீட்டுல ஒரு துளி கடவுள்னு ஆயிடும்.

மூணாவது நம்ம ஊரு ஸ்பெஷல், அந்தப் பய கேட்டது. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா தண்ணி முக்கொம்பு வந்து, கல்லணையில காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரிஞ்சு, அப்புறம் கிளை ஆறு, வாய்க்கா, கண்ணி வாய்க்கான்னு இறங்கி, முறை வச்சு விட்டு, மேல் மடைக்காரன் பாய்ச்சி முடிச்சு, ஷட்டர எறக்கினது போக நமக்கு முழங்கால் நனையற அளவு வந்தா பெருசு. சில வருஷம் அதுவும் வராது, பயிரு காயுதுன்னு ரோட்டுல உக்காந்த வருஷமெல்லாம் உண்டு. இந்தப் படத்த மனசுல வச்சிருக்கறவன் என்ன நெனப்பான்னா, ரோம்ல நெறய கடவுள், வேளாங்கண்ணியில கொஞ்சம் கம்மி, பெரிய ஊழியக்காரர் வீட்டுல வாய்க்கா நெறய, நமக்கு வாய்க்கா கடைசி. ஜெபம் கேக்கலன்னா "நம்ம வரைக்கும் வந்து சேரல போல"ன்னு முடிவு பண்ணிருவான்.

கிறிஸ்தவ போதனை சொல்றது இந்த மூணும் இல்லங்க. கடவுளுக்கு உருவ அளவு கிடையாது, அதனால அவரப் பங்கு போட முடியாது. எங்க இருக்காரோ அங்க முழுசா இருக்கார். கல்லணையிலயும் முழுசு, கடைசி மதகுலயும் முழுசு. இந்த ஒரு வரிதான் மொத்தப் பாடமும், மீதியெல்லாம் இதுக்கு விளக்கம்.

படி 2: வசனத்த இந்த வரிசையில வாசிங்க

எல்லாரும் நேரா சங்கீதம் 139க்குப் போவாங்க. நான் அத கடைசியில வைக்கறேன்.

முதல்ல 1 இராஜாக்கள் 8:27. இஸ்ரவேல் ராஜா சாலொமோன் அவ்ளோ செலவு பண்ணி ஆலயம் கட்டி முடிச்சு, பிரதிஷ்டை பண்ற அன்னைக்கே, எல்லா ஜனமும் நிக்கறப்ப சொல்றார்: "வானங்களும், வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்?" புது வீடு கட்டி கிரகப்பிரவேசத்தன்னைக்கு "இந்த வீடு பத்தாதுங்க"ன்னு சொல்றவன யாராச்சும் பாத்திருக்கீங்களா? சாலொமோன் சொன்னார்.

அடுத்து 1 இராஜாக்கள் 20. இத எந்தப் பிரசங்கத்துலயும் அதிகமாக் கேட்டதில்ல, ஆனா டெல்டாக்காரங்களுக்கு இதவிடப் பொருத்தமான பகுதி இல்லன்னு நான் அடிச்சு சொல்வேன். சீரியா ராஜா பெனாதாத் இஸ்ரவேல்கிட்ட தோத்துப் போறான். அவனோட ஆளுங்க காரணம் கண்டுபிடிக்கறாங்க: அவங்க தெய்வம் மலைத் தெய்வம், அதான் மலையில ஜெயிச்சிட்டாங்க, சமபூமிக்கு வரவச்சா நாமதான் ஜெயிப்போம்னு. மறு வருஷம் ஆப்பெக்ல சண்டை, அங்கயும் செம தோல்வி. "கர்த்தர் மலைகளுக்கு மட்டும்தான், பள்ளத்தாக்குக்கு இல்லன்னு சீரியர் சொன்னதால"தான் இதச் செய்யறேன்னு 28ஆம் வசனத்துல கடவுளே காரணம் சொல்றார். நம்ம ஊர்ல எங்க பாத்தாலும் தட்டை, ஒரு குன்று கூட கிடையாது, கோயில் கோபுரத்த விட்டா உசரமே இல்ல. பசங்ககிட்ட "சீரியாக்காரன் சொன்னது சரின்னா நம்ம கதி என்ன?"ன்னு கேட்டீங்கன்னா போதும், பாடம் தானா நடக்கும்.

அப்புறம் யோனா 1. கடவுள் கிழக்கால நினிவேக்குப் போகச் சொன்னா தீர்க்கதரிசி யோனா யோப்பாவுல டிக்கெட் எடுத்து நேர் எதிர்ப்பக்கம் தர்ஷீசுக்குக் கப்பலேறறார், "கர்த்தருடைய சமுகத்தினின்று விலகி". கடலுக்குள்ளயும் மாட்டிக்கிட்டார். அப்புறம் எரேமியா 23:23, 24, "நான் சமீபத்திற்கு மாத்திரமா தேவன், தூரத்திற்கும் தேவன் அல்லவோ", "நான் வானத்தையும் பூமியையும் நிரப்புகிறவர் அல்லவோ". இது ஆறுதலுக்கு சொன்னதில்லங்க, பொய்த் தீர்க்கதரிசிங்கள மெரட்டறதுக்கு சொன்னது, அத மறைக்காம சொல்லுங்க.

இதெல்லாம் ஆனப்புறம் சங்கீதம் 139, கத்தோலிக்க வேதாகமத்துல திருப்பாடல்கள் 139. "உம்முடைய ஆவிக்கு மறைவாக எங்கே போவேன்? உம்முடைய சமுகத்தைவிட்டு எங்கே ஓடுவேன்?" இத மொதல்ல ஓடற ஆளோட குரல்ல வாசிங்க, யோனா மாதிரி, எரிச்சலா. அப்புறம் தொலைஞ்சுபோன புள்ளையோட குரல்ல வாசிங்க. ரெண்டும் ஒரே வார்த்தைதான், ஆனா கேக்கறவங்களுக்கு உள்ளுக்குள்ள வேற வேற எடத்துல படும். எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா "நான் பாதாளத்தில் படுக்கைபோட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்"ங்கற வரி வந்தா மட்டும் தலைய ஆட்டி ஒரு "ம்" போடும். ஏன்னு கேட்டதுக்கு "எல்லா எடத்துலயும் படுத்துப் பாத்துட்டேன்டா"ன்னு சொல்லுச்சு, அதுக்கு மேல நானும் கேக்கல.

படி 3: மூணு விதமா இருக்கறத பிரிச்சுப் பாருங்க

13ஆம் நூற்றாண்டுல தோமா அக்குவினாஸ்ங்கற கத்தோலிக்க இறையியல் அறிஞர் இத அழகாப் பிரிச்சு வச்சிருக்கார்: கடவுள் எல்லாத்துலயும் தன் வல்லமையால இருக்கார், எல்லாம் அவர் பார்வையில இருக்கறதால இருக்கார், தன் சாராம்சத்தால, அதாவது நேரா தானே இருக்கார். அவர் ராஜா உதாரணம் சொன்னார், நமக்கு மிராசுதார் உதாரணம் போதும். நூறு ஏக்கர் மிராசுதார் வார்த்தை நூறு ஏக்கர்லயும் செல்லும், அது வல்லமை. வரப்பு மேல நின்னா கண்ணுக்கு எட்டற ஒரு பத்து ஏக்கர்ல யாரு நடறாங்க யாரு வெத்தலை போடறாங்கன்னு தெரியும், அது பார்வை. ஆனா அவர் உக்காந்திருக்கறது திண்ணையில ஒரு கயித்துக் கட்டில்ல, ஆளு அங்கதான். மனுஷனுக்கு இந்த மூணு வட்டமும் சின்னதாகிக்கிட்டே வரும். கடவுளுக்கு மூணும் ஒரே அளவு. அவர் அதிகாரம் செல்ற எடமெல்லாம் அவர் பாக்கற எடம், பாக்கற எடமெல்லாம் அவரே இருக்கற எடம். ஏஜென்ட் வச்சு வேலை பாக்கறவர் இல்ல.

கூடவே ஒண்ணு சொல்லிருங்க, நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம். சாத்தானுக்கு இந்த சக்தி கிடையாது. யோபு (நல்லவனுக்கு ஏன் கஷ்டம்னு கேக்கற புஸ்தகம்) 1:7ல "எங்கேருந்து வர்ற?"ன்னு கடவுள் கேட்டா, பூமியச் சுத்தித் திரிஞ்சு வர்றேன்னு பதில் சொல்றான். சுத்தித் திரியறவன் ஒரு நேரத்துல ஒரு எடத்துலதான் இருக்க முடியும். புளியமரத்தடி பயம் இருக்கற புள்ளைங்க இதக் கேட்டு நிம்மதியாத் தூங்கினதா அவங்க அம்மாங்களே சொல்லியிருக்காங்க.

படி 4: உதாரணம் சொல்லுங்க, சொன்ன கையோட அத ஒடைங்க

இந்தப் படிக்குத்தான் நெறைய நேரம் குடுக்கணும். எல்லா உதாரணமும் கொஞ்ச தூரம் வரும், அப்புறம் கால வாரி விட்டுரும். எங்க வாரி விடுதுன்னு புள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்.

தண்ணியில சக்கரை: சொம்புல கரைச்சு எல்லாருக்கும் ஒரு வாய் குடுங்க. "கண்ணுக்குத் தெரியல, ஆனா எல்லா எடத்துலயும் இனிக்குது." சரி, எங்க ஒடையுது? கரைஞ்ச சக்கரை தண்ணியோட ஒண்ணாப் போச்சு, பிரிக்க முடியாது. கடவுள் உலகத்துல கரைஞ்சுபோனவர் இல்ல. அதோட பாதிச் சொம்பு குடிச்சா பாதிச் சக்கரைதான்.

காத்து: சுவாசிக்கறோம், பாக்க முடியல. ஆனா காத்து ஒரு பானைக்குள்ள கொஞ்சம், வெளிய நெறய, திரும்பவும் பங்குக் கணக்குதான்.

செல்போன் டவர் சிக்னல்: பசங்க இத ரொம்ப விரும்புவாங்க, பெரிய பெரிய பிரசங்கியாருங்களும் விரும்புவாங்க, எனக்குப் பிடிக்காது. எங்க ஊர்ல ரெண்டு பாயிண்ட் வரதுக்கே மாடிக்கு ஏறணும். சிக்னல் உதாரணத்த டவுன்ல சொல்லிக்கங்க, கடைமடையில சொன்னா கடவுளும் கடைமடைக்கு வரமாட்டார்னு ஆயிடும்.

வெயில்: இது கொஞ்சம் நல்லாப் போகும். ஒரே சூரியன், ஒவ்வொருத்தன் முத்தத்துலயும் முழுசா அடிக்குது, பக்கத்து வீட்டுக்காரன் நெல்லு காய வச்சதால என் முத்தத்துல வெயில் கொறையறதில்ல. ஆனா ராத்திரி? "உமக்கு இருளும் வெளிச்சமும் சரி"ன்னு 139லயே இருக்கு, சூரியனுக்கு அது பொருந்தாது.

உசுரு: சபையில ரொம்ப பழைய காலத்துலேருந்தே சொல்ற உதாரணம், அக்குவினாசும் சொல்றார், எனக்குத் தெரிஞ்சு இதுதான் ரொம்ப தூரம் வருது. நடவு வயல்ல எறங்கி நிக்கறீங்க, சேத்துக்குள்ள நத்தை ஓடு கால் கட்டை விரல்ல கிழிச்சிருச்சு. "ஆ"ன்னு கத்தறது யாரு? விரலா? நீங்க. உங்கள்ல ஒரு சின்ன பங்கு மட்டுமா கத்துச்சு? முழு ஆளும் கத்தினீங்க. அப்ப உசுரு தலையில நெறய, விரல்ல கொஞ்சம்னு இல்ல, விரல்லயும் முழு ஆள்தான் இருக்கான். பொம்பளைங்க கூட்டத்துல இத சொன்னப்ப ஒரு அத்தை ஒடனே கால நீட்டி தழும்பக் காட்டிட்டு "இந்த வெரலுதான் தம்பி"ன்னாங்க, அதுக்கப்புறம் யாருக்கும் விளக்கம் தேவைப்படல. ஆனா இதையும் ஒடைச்சிருங்க: உலகம் கடவுளோட ஒடம்பு இல்ல. ஒடம்பு செத்தா உசுரு போயிரும், உலகம் இல்லாட்டியும் கடவுள் கடவுளாத்தான் இருப்பார்.

படி 5: "தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்" வரும், தயாரா இருங்க

கண்டிப்பா வரும். பிரகலாதன் கதைய தெரியாத தமிழ் ஆளு யாரு? பக்கத்து வீட்டு ஆச்சி "நாங்களும் அதத்தானே சொல்றோம்"பாங்க. இங்க ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, "ஆமா ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லி முடிச்சிடறது. இன்னொன்னு, சண்டை போடறது. ரெண்டாவது இன்னும் மோசம்.

நான் சொல்றது இப்படி: ஒத்துப்போற எடத்த மொதல்ல ஒத்துக்கங்க. கடவுள் ஒளிஞ்சிக்கற எடம்னு ஒண்ணு இல்ல, அவர் கண்ணுல படாத துரும்பு இல்ல, இதுல நமக்கும் சந்தேகம் இல்ல. அந்தப் பக்கமும் ஒரே விளக்கம் இல்ல, அத்வைதம் ஒண்ணு சொல்லும், வைணவம் ஒண்ணு சொல்லும், சைவ சித்தாந்தம் இன்னொண்ணு சொல்லும், அவங்க சார்பா நாம பேச வேணாம். நம்ம பக்கத்த மட்டும் தெளிவா சொல்லுவோம்: துரும்பு கடவுள் இல்ல, கடவுளோட ஒரு துண்டும் இல்ல. ஆனா அந்தத் துரும்பு இந்த நிமிஷம் இல்லாமப் போகாம இருக்கறதுக்கு அவர் தாங்கிப் புடிச்சிருக்கறதுதான் காரணம். எபிரெயர் 1:3 "சர்வத்தையும் தம்முடைய வல்லமையுள்ள வசனத்தினாலே தாங்குகிறவர்"னு சொல்லுது. படைச்சவர் வேற, படைப்பு வேற, ஆனா நடுவுல இடைவெளி இல்ல.

பவுல் ஏதென்ஸ்ல இதத்தான் செஞ்சார், அப்போஸ்தலர் 17. ஊரெல்லாம் சிலை, அவருக்கு உள்ளுக்குள்ள வைராக்கியம், ஆனா பேச ஆரம்பிச்சப்ப அவங்க பலிபீடத்துலேருந்தே ஆரம்பிச்சு, அவங்க புலவர் வரியையே எடுத்து, "அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம், இருக்கிறோம்"னு கொண்டு போறார். நம்மாளுங்க மைக் கெடைச்சா மொத ரெண்டு நிமிஷத்துலயே ஆளத் தொரத்திருவாங்க.

படி 6: "எங்கும் இருக்கார்னா எதுக்கு வேளாங்கண்ணி வரைக்கும் நடக்கணும்?"

இது எங்க வீட்டுச் சண்டைங்க. நான் லுத்தரன், வீட்டுக்காரம்மா கத்தோலிக்கம், நாகப்பட்டினம் பக்கம். ஒவ்வொரு ஆகஸ்டும் 29 கொடியேத்தத்துக்கு முன்னாடியே காவி கட்டிக்கிட்டு ஜனங்க ரோட்டோரமா நடக்க ஆரம்பிச்சிருவாங்க, செப்டம்பர் 8 வரைக்கும் ஓயாது. கல்யாணமான புதுசுல நான் ரொம்ப புத்திசாலித்தனமா "கடவுள் இங்க இல்லாததா அங்க இருக்கப் போறார்?"னு கேட்டேன். அவங்க, "ஏங்க, காத்து எல்லா எடத்துலயும் இருக்கு, நீங்க மட்டும் எதுக்கு ஃபேனுக்குக் கீழ போய் உக்கார்றீங்க?"ன்னாங்க. (காத்து உதாரணம் ஒடையும்னு படி 4ல எழுதினேன், ஆனா அன்னைக்கு ஒடஞ்சது நான்தான்.)

விஷயம் என்னன்னா, வேதத்துல ரெண்டு விதமான பேச்சு இருக்கு. ஒண்ணு, எங்கும் இருக்கறது. இன்னொண்ணு, ஒரு எடத்துல, ஒரு ஆளோட, ஒரு விதமா தன்னக் காட்டிக்கறது. யாக்கோபு கல்லத் தலைக்கு வச்சுத் தூங்கி எந்திரிச்சு "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்"னு சொல்றார், ஆதியாகமம் 28:16. கடவுள் அன்னைக்கு ராத்திரிதான் அங்க வந்து எறங்கினாரா? இல்ல, யாக்கோபுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. "இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே" கூடினா அங்க இருக்கேன்னு மத்தேயு 18:20ல இயேசு சொல்றதும் இந்த ரெண்டாவது வகை. எங்கும் இருக்கறது எல்லாருக்கும் பொது, நம்பிக்கை இருக்கோ இல்லையோ. கூட இருக்கேன்னு சொல்றது உறவு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரனும் பக்கத்துலதான் இருக்கான், பொண்டாட்டியும் பக்கத்துலதான் இருக்கா, ரெண்டும் ஒண்ணா? ஆதாம்கிட்ட "நீ எங்கே இருக்கிறாய்"னு கேட்டதும் அட்ரஸ் தெரியாம இல்ல.

லுத்தரன் ஆளா நான் இன்னொண்ணும் சொல்லணும், ஏன்னா எங்க பக்கம் இதுக்காகவே சபை பிரிஞ்சிருக்கு. 1529ல ஜெர்மனியில மார்பர்க் ஊர்ல சபைச் சீர்திருத்தம் பண்ணின மார்ட்டின் லுத்தரும் (எங்க சபை அவர் வழி) சுவிட்சர்லாந்து சீர்திருத்தக்காரர் ஸ்விங்ளியும் உக்காந்து பேசினாங்க, மத்ததுல எல்லாம் கிட்டத்தட்ட ஒத்து வந்துட்டாங்க, நற்கருணையில (கோயில்ல வாங்கற அப்பமும் ரசமும்) நின்னு போச்சு. ஸ்விங்ளி கேட்டது, கிறிஸ்துவோட ஒடம்பு பரலோகத்துல தேவனோட வலதுபக்கத்துல இருக்குதே, அது எப்படி அப்பத்துல இருக்கும்னு. லுத்தர் வாதம், தேவனோட வலதுகரம்னா ஒரு நாற்காலி இல்ல, அது எல்லா எடத்துலயும் இருக்குங்கறது. கத்தோலிக்கக் கோயில்ல நற்கருணைப் பேழை பக்கத்துல அணையாம ஒரு வெளக்கு எரியும் பாருங்க, அவங்க விளக்கம் வேற தினுசு, ஆனா "இங்க இருக்கார்"ங்கறதுல லுத்தருக்கும் அவங்களுக்கும் தூரம் கம்மி. 1706 ஜூலை 9 லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில எறங்கினப்ப இந்த வாதமும் அவரோட பெட்டியோட சேந்து நம்ம கரைக்கு வந்திருச்சு. எங்க வீட்டுல நாங்க மார்பர்க் அளவுக்குப் போகல. நடக்கறவங்களுக்கு மோர் குடுக்கற பந்தல்ல இப்பல்லாம் நானும் நிக்கறேன்.

படி 7: சங்கடமான கேள்விங்க

"கக்கூஸ்லயும் இருக்காரா?" எல்லா வகுப்புலயும் ஒரு பய கேப்பான், திட்டாதீங்க, நல்ல கேள்வி. ஆமா, இருக்கார். 4ஆம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ், சூரியன் பூமியில இருக்கறதத் தொடறதால அழுக்காகறதில்லன்னு சொல்லி வச்சிருக்கார். சாணி மேல அடிச்ச வெயில் நாறறதில்லடான்னு சொன்னா போதும்.

"இயேசுவே 'நான் அங்க இல்ல'ன்னு சொல்லியிருக்காரே?" யோவான் 11, லாசரு கதை. செத்துப்போன லாசருவோட சகோதரி மார்த்தாள் "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்"னு சொல்றா, இயேசுவும் அதுக்கு முன்னாடியே தான் அங்க இல்லாதத ஒத்துக்கறார். இத மழுப்பாதீங்க. மனுஷனா ஒரு ஒடம்புல வந்தா ஒரு நேரத்துல ஒரு ஊர்லதான் இருக்க முடியும், லாசருவோட ஊரு பெத்தானியாவுக்கு நடந்துதான் போகணும். ஆனா தேவ வார்த்தையா அவர் அந்த ஒடம்புக்குள்ள அடைபட்டுப் போயிடல, அதே நேரத்துல உலகத்த தாங்கிக்கிட்டுத்தான் இருந்தார்னு அதே அத்தனாசியுஸ் சொல்றார். இங்க எனக்கு ஒரு எடத்துக்கு மேல புரியறதில்ல, பசங்ககிட்டயும் அப்படியே சொல்லிருவேன்.

"நரகத்துல?" 2 தெசலோனிக்கேயர் 1:9 அவர் சந்நிதானத்த விட்டு தள்ளப்படறதாச் சொல்லுது, வெளிப்படுத்தல் 14:10 ஆட்டுக்குட்டியானவருக்கு, அதாவது இயேசுவுக்கு, முன்பாகவேன்னு சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிங்க. நெறைய போதகர்கள் சொல்றது, இழக்கறது அவரோட தயவுள்ள முகத்ததான், அவர் இல்லாத எடம்னு ஒண்ணு அங்கயும் கெடையாதுன்னு.

அடுத்தது, "சுனாமி அன்னைக்கு எங்க இருந்தார்?" 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலையில, நாகப்பட்டினம் கரையோரம் என்ன ஆச்சுன்னு நம்ம பக்கத்துல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் எங்க தலைக்கு மேலயே கரையக் கடந்துச்சு, வேதாரண்யத்துப் பக்கம். விடிஞ்சு பாத்தா தென்னை ஒண்ணு நிக்கல, எல்லாம் ஒரே பக்கமா படுத்திருக்கு, கோயில் மேல தகரம் ரெண்டு வயல் தள்ளிக் கெடந்துச்சு. பக்கத்துத் தோப்புக்காரர், அண்ணன் முறை, அறுபது மரம் போயிருச்சு அவருக்கு, என்னப் பாத்து "எங்கடா இருந்தாரு உங்க சாமி?"ன்னு கேட்டார். நான் ஒடனே, "இங்கதான்ணே இருந்தாரு, எங்கும் இருக்கறவரு"ன்னு பாடம் ஒப்பிச்சேன். அவர் ஒண்ணும் சொல்லாம போயிட்டார். அப்புறம் ரெண்டு மாசம் என்கூட சரியாப் பேசல, பேசாததுல நியாயம் இருக்கு. அந்த நேரத்துல அவர் கேட்டது விளக்கமே இல்ல, நான் அருவாள எடுத்துக்கிட்டு அவரோட மரத்த வெட்டி ஒதுக்கப் போயிருக்கணும்.

அதனால என் அனுபவத்துல சொல்றேன், இந்தப் போதனைய இழவு வீட்டுல வாயால சொல்லாதீங்க. சிலுவையில "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கத்தினவர் கடவுளோட குமாரன்னுதான் நம்ம விசுவாசம். கைவிடப்பட்ட எடத்துக்குள்ளயும் அவர் வந்துட்டார்ங்கறதுக்கு மேல என்கிட்ட பதில் இல்ல, அதையும் அவங்களா கேட்டாத்தான் சொல்லணும்.

படி 8: பழகிக்கறது

அறிவுக்குப் புரிஞ்சா மட்டும் பத்தாது. 17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல கர்மேல் மடத்துல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர், அவருக்கு வேலை சமையக்கட்டுல, பாத்திரம் கழுவிக்கிட்டே கடவுளோட பேசிப் பழகினவர். நமக்கு அந்தளவு வராட்டியும் ஆரம்பிக்கலாம். எனக்கு ஒத்து வந்தத சொல்றேன்: மணி பாத்து ஜெபிக்கறத விட, எடம் பாத்து ஜெபிங்க. தெனம் போற வழியில நாலு எடம் பொறுக்குங்க. எனக்கு வாய்க்கா மதகு, டீக்கடை பெஞ்ச், பஸ் ஸ்டாண்டு, வீட்டுக் கொல்லை. அங்க கால் வச்சதும் "நீங்க இங்க இருக்கீங்க"ன்னு ஒரு வரி, அவ்ளோதான், சத்தம் போட வேணாம். நாலு நாள்ல மறந்துரும். மறந்தா மறுபடி ஆரம்பிங்க, குத்த உணர்ச்சியெல்லாம் வேணாம். ரெண்டாவது மாசத்துல அஞ்சாவதா ஒரு எடம் சேருங்க, உங்களுக்குப் பிடிக்காத எடமாப் பாத்து.

நான் சேத்தது நெல் கொள்முதல் பண்ற எடம். அறுத்து ஏத்திக்கிட்டுப் போனா, ஈரப்பதம் 17க்கு மேல இருக்கு, காய வைய்யின்னு திருப்பிருவாங்க, மழை மூட்டம் போட்டிருக்கும், தார்ப்பாய் போத்தின குமிச்சலுக்குப் பக்கத்துலயே சாக்க விரிச்சுப் படுத்துக்கணும், கொசு, பன்னி, எலி. அப்படி மூணாவது ராத்திரி நானும் சித்தப்பாவும் படுத்திருக்கோம். நான் மெதுவா, "சித்தப்பா, இங்கயும் கடவுள் இருக்காருல்ல?"ன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கிட்டே, "இருக்கட்டும். தூங்காம இருப்பாருல்ல? அப்ப குமிச்சல அவரு பாத்துக்குவாரு, நீ தூங்கு"ன்னார். சங்கீதம் 121 "உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை"ன்னு சொல்றத அவர் வேதத்துல படிச்சிருக்க வாய்ப்பே இல்ல, கோயிலுக்கே கிறிஸ்மஸுக்கு மட்டும் வர்ற ஆளு. நான் தூங்கிட்டேன். காலையில எந்திரிச்சா அவர்தான் ராத்திரி முழுக்க உக்காந்திருந்திருக்கார், தார்ப்பாய் ஓரமெல்லாம் கல்லு வச்சு.

மறந்துராம, அந்தப் பயலுக்கு சொன்ன பதில்

அடுத்த ஞாயித்துக்கிழமை அவனக் கூப்டு முன்னாடி நிக்க வச்சு, "டேய், நீ கேட்டியே, மேட்டூர்ல எவ்ளோ, நம்மூர்ல எவ்ளோன்னு. மேட்டூர்ல முழுசா இருக்கார், கல்லணையில முழுசா இருக்கார், நம்ம கடைசி மதகுலயும் அதே முழுசா இருக்கார், ஒரு சொட்டு கொறையாம"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் கேட்டான்: "அப்ப தண்ணி மட்டும் ஏண்ணே வரல?"

அடுத்த மாசம் யோபு புஸ்தகம் ஆரம்பிக்கறோம்.